நூற்றேழில் இறக்கவும்

ஊட்டி மலையில் இருக்கும் எங்கள் எமரால்டில் வந்து சகாயம் வீடு எது என்று கேட்டால், "எந்தச் சகாயம், கோழிக்கடையா, நார்மலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நான் சொல்ல வந்தது நார்மல் சகாயத்தைப் பற்றி. என் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி, அதன்மேல் என்னுடைய மேரக்காய்க் கொடி, சௌசௌ என்பார்களே அது. காய்ப்பது மட்டும் அவர் பக்கம். இதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

குந்தாவில் மின்நிலைய ஆபரேட்டராக முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மணிக்கு ஒருமுறை மீட்டர்களைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும், அதுதான் வேலை. கடைசிக் கட்டத்துக்குப் பெயர் குறிப்பு. எந்த வம்பும் இல்லையென்றால் அதில் 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் எழுதியது கையோடு நிற்குமா? வாய்க்கும் ஏறிவிட்டது. சாப்பாடு எப்படிங்க என்றால் நார்மல். மூட்டுவலி எப்படிங்க என்றால் நார்மல். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, பெண் எப்படி என்று அவர் அம்மா கேட்டதற்கும் அதையேதான் சொன்னாராம். அந்த நார்மல் பெண்தான் ஜெபமணி அக்கா. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அக்கா கேக் செய்வதில் கெட்டிக்காரர். டிசம்பர் பிறந்தால் அவர் வீட்டு ஓவன் ஆறாது. ஒரே மகள் கெஸியா, நர்ஸ் வேலை. கூடலூர் ஷிஜோவைக் கட்டிக்கொண்டு கனடா போனவள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு அக்டோபரில், அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். சொல்லும்போதே கைமீறிப் போயிருந்தது. அப்போது கெஸியாவுக்கு எட்டாம் மாதம். அதற்கு முன் ஒன்று கலைந்திருந்தது. "அவகிட்ட இப்பச் சொல்லாதீங்க, நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்" என்று அக்காவே சொல்லிவிட்டார். கெஸியா தினமும் போன் செய்வாள். அம்மாவுக்கு எப்படி இருக்கு? நார்மல். அம்மாகிட்டக் குடுங்க. தூங்குறா. சந்தேகப்பட்டு ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். நானும், "ஒண்ணுமில்ல கண்ணு, வெறும் காய்ச்சல்தான்" என்றேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்காது.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி அக்கா போய்விட்டார். அடக்கத்தை கெஸியா போனில்தான் பார்த்தாள். "ஏம்ப்பா என்கிட்டச் சொல்லல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். இவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது. குழந்தை சின்னது, லீவு இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், இவர் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் போன் வரும். எப்படி இருக்கீங்க? நார்மல். சரி, வச்சிடறேன். பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும் பேச்சு.

போன நவம்பர் கடைசியில் ஒருநாள், வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "டீச்சர், கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். போனேன். சமையல் மேடையில் ஒரு கண்ணாடிப் பாட்டில். உள்ளே தேன் நிறத்தில் ஏதோ. பக்கத்தில் சர்க்கரைப் பாகுக்கு வைக்கும் தெர்மாமீட்டர். அந்தக் கனடா பாகு கெஸியா அம்மாவுக்கு அனுப்பியதாம். மேப்பிள் மரத்திலிருந்து எடுப்பதாம். மேல் அலமாரியில் துணிப்பைக்குள், சீல் உடைக்காமல் இருந்திருக்கிறது. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, அக்கா கையெழுத்தில் 'கிறிஸ்துமஸுக்கு' என்று எழுதியிருந்தது. பையில் சர்ச் காலண்டர் தாள் ஒன்றும் இருந்தது. அதன் பின்பக்கம், மகள் போனில் சொல்லச் சொல்ல அக்கா எழுதி வைத்த செய்முறை.

வாங்கிப் படித்தேன். மைதா, வெண்ணெய், சர்க்கரை பிசைந்து தட்டில் அழுத்தி ஓவனில் வேகவைக்க வேண்டும். மேப்பிள் பாகு ஒரு டம்ளர், வெண்ணெய், கிரீம், உப்பு சேர்த்துக் காய்ச்ச வேண்டும். '114 வந்ததும் இறக்கவும். வால்நட் போட்டுக் கிளறி மேலே ஊற்றவும். ஆறியதும் துண்டு போடவும்.' கீழே, பேனாவை அழுத்தி, 'கெஸியாவுக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று இருந்தது.

"ஷிஜோவோட சித்தப்பா பையன் கூடலூருக்கு லீவுல வந்திருக்கான். வர்ற வியாழன் விட்டு அதுக்கடுத்த வியாழக்கிழமை கனடா கெளம்பறான். இதச் செஞ்சு குடுத்து அனுப்பலாம்னு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது. அக்கா செய்ய நினைத்ததைச் செய்து அனுப்பி, மகள் அதில் ஒரு துண்டை வாயில் போட்டால் போதும் என்று நினைத்துவிட்டார். முட்டை பொரிக்கத் தெரியாத மனுஷன்.

பாட்டிலில் மூன்று டம்ளர் பாகு இருந்தது. ஆக, மூன்று வாய்ப்பு.

முதல் தடவை திங்கட்கிழமை. ஊட்டிக்குப் போய் வால்நட்டும் வெண்ணெயும் வாங்கி வந்திருந்தார். மேடையில் நீளமான நோட்டு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டார். கோடு போட்டு, மணி, அளவு, குறிப்பு என்று மூன்று கட்டம். பாகு கொதிக்கிறது, இவர் ஷிப்டில் நிற்பதைப் போல நிமிர்ந்து நின்று நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதுகிறார். தொண்ணூற்றெட்டு, நார்மல். நூற்று மூன்று, நார்மல். நூற்றுப் பதினாலு தொட்டதும் இறக்கினார். ஒரு டிகிரி கூட இல்லை, குறைய இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறிய பிறகு கத்தி இறங்கவில்லை. அரிவாள்மணையில் வைத்தோம், அரிவாள்மணை ஆடியது. கடைசியில் சுத்தியல். என் கணவர் ஆறுக்குட்டி கேரட் தோட்டத்திலிருந்து வந்தவர், ஒரு துண்டை வாயில் போட்டுக் கால் மணி நேரம் பேசாமல் இருந்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அப்படியொரு நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை.

"தீ ஜாஸ்தியாப் போச்சு" என்றார் சகாயம் அண்ணன். வியாழக்கிழமை இரண்டாவது தடவை. தீயைச் சிம்மில் வைத்து, முக்கால் மணி நேரம் நின்று, அதே நூற்றுப் பதினாலில் இறக்கினார். இந்தத் தடவை அது தட்டை விட்டே வரவில்லை.

"பாகு பழசாகி இருக்குமுங்க" என்றேன்.

"ருசி நல்லா இருக்கே."

"அப்புறம் அந்தத் தெர்மாமீட்டர்தான் கோளாறு."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கருவியைச் சந்தேகப்படுவது அவர் அகராதியில் இல்லை. மீட்டர் சொன்னால் சொன்னதுதான். கோளாறு என்றால் அது மனுஷனிடம்.

"கெஸியாகிட்டயே கேட்டுப் போடுங்க. அவதான சொல்லிக் குடுத்தது" என்றேன். அவர் தட்டைத் தேய்க்கப் போனார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு டம்ளர்தான் பாக்கி, ஒரு வாரம்தான் பாக்கி, இந்த மனுஷன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்கிறார். கேட்டால், சரியாக வரவில்லை என்று சொல்ல வேண்டும். நார்மல் இல்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் அவருக்கு முடியாதது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே போய் அவர் சமையலறையில் உட்கார்ந்துகொண்டேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். போன் வந்தது. மேடைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"நார்மல்."

"சரி, வச்சிடறேன்."

நான் கண்ணை உருட்டினேன். அவர் கை, பாகு கல்லாய் ஒட்டியிருந்த அந்தத் தட்டின்மேல் இருந்தது.

"பாப்பா, இரு" என்றார். "நார்மல் இல்ல."

அவள் பார்க்கிறாள் என்பதைப் போலத் தட்டை நிமிர்த்திக் காட்டினார்.

"நீ அம்மாவுக்கு அனுப்புன பாட்டில எடுத்துச் செஞ்சு பார்த்தேன். ரெண்டு தடவ. கல்லாட்டம் ஆயிப்போச்சு. டீச்சர் ஊட்டுக்காரருக்குப் பல்லு ஆடுது. எனக்குச் செய்யத் தெரியல, பாப்பா." மூச்சு வாங்கிக்கொண்டார். "அம்மாவும் அன்னிக்கு நார்மல் இல்ல. ஒருநாள்கூட நார்மல் இல்ல. நாந்தான் பொய் சொன்னேன்."

"அது எனக்குத் தெரியும்ப்பா." அவள் குரல் கட்டையாக இருந்தது. "எப்படி இருந்தாங்கன்னுதான் தெரியாது. இதுவரைக்கும் நீங்க சொல்லவே இல்லயே."

அவர் அந்த நீள நோட்டை இழுத்தார். பாகு காய்ச்சிய கணக்கு எழுதிய பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனார். நோட்டின் முன்பாதி முழுக்க அதே மூன்று கட்டம், அதே கையெழுத்து, தேதி மட்டும் மூன்று வருஷத்துக்கு முந்தையது. அக்காவின் கடைசி நாட்களை மணிக்கு மணி எழுதி வைத்திருக்கிறார். வாயால் பொய் சொல்லத் துணிந்தவர், லாக் ஷீட்டில் பொய் எழுதத் தெரியாமல் இருந்திருக்கிறார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"நவம்பர் பதினாலு, காலை ஆறு. காய்ச்சல் நூற்று ஒன்று. கஞ்சி இரண்டு ஸ்பூன். வலிக்கிறது என்றாள்.

பதினேழு, மதியம் இரண்டு. தண்ணீர் மட்டும். கெஸியாவிடம் இனிமேல் சொல்லிவிடுங்கள், அவள் குரலைக் கேட்க வேண்டும் என்றாள். மாலை ஆறு. சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன், டிக்கெட் போட்டுவிட்டாள், கிளம்பி வருகிறாள் என்றேன். சொல்லவில்லை."

இந்த இடத்தில் நிறுத்தினார். எனக்கே இது தெரியாது. நானும் அந்த வீட்டுக்குத் தினம் போய் வந்தவள்தான்.

"படிங்கப்பா" என்றாள் கெஸியா.

"பதினெட்டு, காலை எட்டு. முகம் கழுவிவிடச் சொன்னாள். பிள்ளை வரும்போது இப்படி இருக்கக் கூடாது என்றாள். பச்சைச் சேலை எடுத்து வைத்தேன். மாலை நாலு. ஏன் இன்னும் காணோம் என்றாள். மேட்டுப்பாளையத்தில் மழை, மண் சரிந்து ரோடு பிளாக் என்றேன்.

பத்தொன்பது, காலை ஆறு. ரோடு சரியாகிவிட்டதா என்று கேட்டாள். ஆகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். சிரித்தாள். ஆறு நாற்பது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் பாப்பா. அதுக்கப்புறம் குறிப்பு எழுதல."

கெஸியா அழுதாள். கனடாவில் இருந்து வரும் அழுகை அந்தச் சின்னச் சமையலறை முழுக்க நிறைந்தது. இவர் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை, அப்படியே நின்றார். நான்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"மூணு வருஷமா..." என்றாள், அழுகைக்கு நடுவே. "மூணு வருஷமா, அம்மா என்னைக் கேக்கவே இல்லன்னு நெனச்சிட்டு இருந்தேன்ப்பா. சாகப்போறோம்னு தெரிஞ்சும் என்னைத் தேடலயான்னு. அதான் அந்த ஊட்டுக்குள்ள வரவே பிடிக்கல."

"தேடுனா. உன்னைத்தான் தேடுனா. பயந்துட்டேன் பாப்பா. ரெண்டு பேரையும் ஒண்ணாப் பறிகொடுத்துடுவேனோன்னு பயந்துட்டேன்."

"நான் வர்றேன்னு நெனச்சுட்டேதான் போனாங்களா?"

"ஆமா."

"எனக்கு உங்க மேல இன்னும் கோபம் இருக்கு."

"இருக்கட்டும்" என்றார். "இருக்கட்டும் பாப்பா."

சர்ச் மணி அடித்தது. அவர் நகரவில்லை. எனக்குத் தெரிந்து அவர் ஆராதனைக்குப் போகாத முதல் ஞாயிறு அதுதான். மணி ஓய்ந்த பிறகு கெஸியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"எத்தனைல எறக்குனீங்க?"

"என்னது?"

"பாகு, அப்பா."

"நூத்திப் பதினாலு. அம்மா எழுதுனபடி."

"ஒரு சட்டில பச்சத் தண்ணி வச்சுக் கொதிக்க விடுங்க. அதுல தெர்மாமீட்டரப் போட்டு என்ன காட்டுதுன்னு சொல்லுங்க."

வைத்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "தொண்ணூத்தி மூணுலயே நிக்குது. ஏற மாட்டேங்குது."

அதைக் கேட்டதும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். மலை உயர உயரத் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும் என்று வருஷா வருஷம் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள் நான். குக்கர் இல்லாமல் எமரால்டில் துவரம்பருப்பு வேகாது என்று வாழ்நாள் முழுக்கத் தெரிந்தவர் அவர். இரண்டு பேரும் சேர்ந்து, கடற்கரைக் கணக்கை மலையில் வைத்துப் பாகைக் கல்லாக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"நூறுக்கு ஏழு கம்மி. அப்ப அதுலயும் ஏழு கழிங்க" என்றாள் கெஸியா. "அம்மாவுக்குச் சொல்லும்போதே இத நான் யோசிச்சிருக்கணும். தப்பு என்னோடதும்தான்."

கடைசி டம்ளர் பாகை அவள் போனில் இருக்க, அன்றைக்கே காய்ச்சினோம். நூற்று ஏழு வந்ததும் "எறக்குங்க, எறக்குங்க" என்று இரண்டு பக்கமும் கத்தல். ஆறியபின் கத்தி வைத்தார். வெண்ணெயில் இறங்குவதைப் போல இறங்கியது. அக்கா எழுதிய நூற்றுப் பதினாலை அவர் அடிக்கவில்லை. காலண்டர் தாளில் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'எமரால்டில் நூற்றேழில் இறக்கவும்' என்று எழுதினார்.

"வியாழக்கிழம குடுத்து அனுப்பிடறேன் பாப்பா."

"வேண்டாம்ப்பா."

அவர் முகம் செத்துப்போனது. அதைப் போனில் பார்க்க முடியாதே, அவள் தன் பாட்டுக்குச் சொன்னாள்: "டப்பால போட்டு வைங்க. நானே வந்து சாப்பிட்டுக்கறேன்."

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி, கோயம்புத்தூரில் இறங்கிவிட்டதாகக் காலையில் போன் வந்தது. மதியம் இன்னொரு போன். மேட்டுப்பாளையத்தில் மழை, மரம் விழுந்து ரோடு பிளாக், லேட் ஆகும். அதைக் கேட்டதிலிருந்து அவர் பட்டபாட்டை நான் பார்த்தேன். தான் சொன்ன பொய் திரும்பி வந்து தன் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டதாக நினைத்தாரோ என்னவோ. சாப்பிடவில்லை. உட்காரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம் தூறலில் நின்றார். "ரோடு சரியாயிடுச்சாங்க டீச்சர்?" என்று என்னிடம் எட்டு தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் ஷிஜோவுக்கு நிஜமாகவே போன் செய்து கேட்டுத்தான் பதில் சொன்னேன்.

ஐந்தேகாலுக்குக் கார் வந்தது. ஷிஜோ தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். கெஸியா இறங்கி அப்பாவைப் பார்த்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. "நனஞ்சிருக்கீங்க, உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். டப்பாவைத் திறந்தாள். நின்றபடியே ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள்.

அவர் கதவருகே நின்றார். "எப்படி இருக்கு?"

மென்றாள். அவசரமே இல்லை. "உப்பு கம்மி. அடி லேசாத் தீஞ்சிருக்கு. வால்நட் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்." இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். "ஆனா அம்மா செஞ்சிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டை விரித்து, உப்பு, அடி, வால்நட் மூன்றையும் குறிப்பில் எழுதினார். கெஸியா பக்கத்தில் வந்து பார்த்தாள். பிறகு அவளே பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளினாள். நவம்பர் பத்தொன்பதில் நிறுத்தினாள். ஆறு நாற்பது என்ற இடத்துக்கு நேரே குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. அதில் விரலை வைத்தாள்.

"இங்க எழுதுங்கப்பா."

அவர் இரண்டு தடவை பேனாவை வைத்து எடுத்தார். 'கெஸியா வந்துவிட்டாள்' என்று எழுதினார். வழக்கம்போலக் கீழே கையெழுத்துப் போட்டு, மணி ஐந்து இருபது என்று குறித்தார்.